பென்சில் கொடுக்காத அக்கா

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை அந்தப் பெயரை வெள்ளைத்தாளில் முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். அது போதும்.

கம்பெனிப் பதிவேட்டில் அவர் ஆயா. பிள்ளைகள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கிய பெண்ணை மூன்று வயதுப் பிள்ளை அக்கா என்று கூப்பிடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள் கேட்டதற்கு, "ஆயான்னா கால் கழுவி விடறவ, டீச்சர்னா அடிக்கிறவ. எனக்கு ரெண்டும் வேணாம்" என்றார். பிறகு நாங்களும் அக்கா என்றே கூப்பிட்டோம்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. கோவில்பட்டிப் பக்கமிருந்து நானும் என் வீட்டுக்காரரும் ஓசூருக்கு வந்து மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருக்கு வண்டி பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் வேலை. எனக்கு மின்சார மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை. பெண்கள் வேலை பார்க்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு க்ரீச் என்று ஓர் அறை இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால், கேன்டீனுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஓர் அறையைக் கட்டி விட்டிருந்தார்கள். இருபது பிள்ளைகள் வரை இருக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அந்த அறைக்குள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும். அக்கா மூன்றிலும் பதில் சொல்வார். அவருடைய சொந்த மொழி எது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

என் மகள் கவிதாவைக் கொண்டுபோய் விட்ட முதல் நாள் அவர் அவளுடைய முகத்தையே பார்க்கவில்லை. கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்தார். அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட வைத்துப் பார்த்தார். மோதிர விரலோடு நின்றுவிட்டது. சுண்டு விரலை எட்டவில்லை.

"மெத்துனு இருக்குது. இன்னும் ஒண்ணும் ஆவல" என்றார்.

"பேரு கேக்கலையேக்கா?"

"பேர அதுவே சொல்லும். கை சொல்லாது. நாமதான் பாக்கணும்."

எல்லாப் பிள்ளைகளையும் அவர் கையை வைத்துத்தான் நினைவு வைத்திருந்தார். "அந்த எடது கைப் புள்ள வரலியா?" என்று கேட்பார். "மணிக்கட்டு தொங்கிக்கினு இருக்குமே, அதுக்கு ஜொரமா?" என்பார். இந்தப் பேச்சு பிடிக்காத தாய்மார்கள் இருந்தார்கள். தம் பிள்ளையை மாடு பிடித்துப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள் என்று பஸ்ஸில் சொல்லிக் கோபப்பட்டார்கள்.

அந்த அறையில் பென்சில் கிடையாது. கம்பெனி ஸ்லேட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுத்திருந்தது. அவர் அதையெல்லாம் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, அதன் மேல் பாய்களை அடுக்கி வைத்திருந்தார். சாக்பீஸ் பெட்டி வந்தால் முதல் வேலையாக ஒவ்வொன்றையும் நகத்தளவுக்கு உடைப்பார். பிள்ளைகள் அந்தத் துண்டால் சுவரில் கிறுக்குவார்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு நான்கு சுவர்களிலும் கறுப்புச் சாயம் பூசி வைத்திருந்தார். உட்கார்ந்துகொண்டு கிறுக்க விடமாட்டார். நின்றுதான் கிறுக்க வேண்டும்.

முழு சாக்பீஸைக் கொடுத்தால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். கவிதாவைக் கூப்பிட்டு அவள் கையில் ஒரு முழு சாக்பீஸைக் கொடுத்தார். அவள் அதை உலக்கை பிடிப்பது மாதிரி முஷ்டியால் பிடித்தாள். அதை வாங்கிக்கொண்டு ஒரு துண்டைக் கொடுத்தார். அது முஷ்டிக்குள் நிற்காது என்பதால் அவள் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல பாத்தியா?" என்றார்.

இதை மற்ற தாய்மார்களிடமும் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார். கேட்கிறவர் நிற்கும் விதம் பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுவார். சாக்பீஸை ஏன் உடைத்து வீணாக்குகிறாய் என்று லைன் லீடர் சரோஜா அதட்டிக் கேட்டபோது, "என் இஷ்டம்" என்றார். அந்த ஒரு பதில் பிற்பாடு எங்கெல்லாமோ போயிற்று.

மற்றபடி அவர் செய்தது எல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விளையாட்டாகத்தான் தெரியும். காலையில் பிள்ளைகளைக் கையும் காலும் ஊன்றிக் கரடி மாதிரி அறையைச் சுற்றி வர வைப்பார். பழைய பேப்பரை ஒற்றைக் கையால் கசக்கி உருண்டையாக்கச் சொல்வார். கேழ்வரகு மாவைப் பிசைந்து கொடுத்துப் பாம்பு, புழு, எறும்பு என்று சின்னதாகிக்கொண்டே போகிற உருவங்களைச் செய்யச் சொல்வார். கயிற்றில் துணி மாட்டும் கிளிப்புகளைப் போடவும் எடுக்கவும் விடுவார். வெயில் ஏறியதும் வாசல் சிமென்ட் தரையில் பெயின்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துக் கோடு போட விடுவார். போட்ட கோடு காய்ந்து மறைந்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டே மறுபடியும் போடும்.

"தோளு, முழங்கை, மணிக்கட்டு. வெரலு கடைசியாத்தான் வரும். நீங்க எல்லாரும் வெரல்ல ஆரம்பிக்கிறீங்க."

இதுதான் அவர் அடிக்கடி சொன்னது. இப்போது என் பேத்தி போகிற பள்ளியில் இதையே வண்ணப் புத்தகம் அடித்து, பிளாஸ்டிக் டப்பாவில் மாவு அடைத்து, டை கட்டிய பெண் ஒருத்தி எங்களை வரிசையாக உட்கார வைத்து விளக்கினாள். எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய பயிற்சிகளாம். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அவர் நல்லவர், பொறுமைசாலி என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். கேன்டீன் சூப்பர்வைசர் ஒருவர், தன் மூன்றரை வயது மகனுக்கு பெங்களூரிலிருந்து ரப்பர் வைத்த பென்சில் வாங்கி வந்து சட்டைப் பையில் செருகி அனுப்பினார். அக்கா அதைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்துவிட்டார். பையன் நாள் முழுக்க அழுதான். சாயந்தரம் அவன் அப்பா வந்து நின்று கத்தினார்.

"உன்ன யாரு பென்சில எடுக்கச் சொன்னது?"

"உம் புள்ளைக்கு சட்டைப் பித்தான் போட வருதா?"

"என்ன பேசற நீ?"

"வருதா வரலியா?"

"வராது. சின்னப் பையன்."

"பித்தான் போட வராத கைக்கு பென்சில் எதுக்கு? மொதல்ல பித்தான் போடட்டும். அப்புறம் நானே கூரை மேல ஏறி எடுத்துக் குடுக்கறன்."

இதை இருபது பேர் முன்னால் சொன்னார். அந்த மனுஷன் அதை மறக்கவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு ஒரே ஒரு நாள்தான் தெரியவந்தது. மழையில் கம்பெனி பஸ் வரத் தாமதமாகி, அறையில் நாங்கள் இருவரும் கவிதாவும் மட்டும் இருந்தோம். அவர் கவிதாவின் விரல்களை நீவி விட்டபடியே சொன்னார்.

"எம் பையனுக்கு மூணு வயசுல நானே ஸ்லேட்டு வாங்கிக் குடுத்தன். எங்க ராயக்கோட்டையிலேயே எம் பையன்தான் மொதல்ல எழுதணும்னு எனக்கு வெறி. 'அ' போடச் சொல்வன். வராது. வெரல் மேல அடிப்பன். ஒரு வருஷம் அடிச்சன். அப்புறம் அவன் ஸ்லேட்டப் பாத்தாலே ஒண்ணுக்குப் போயிடுவான். நாலாங்கிளாஸோட நின்னுட்டான். இப்ப லாரில போறான். வீட்டுக்கு வந்தா சம்சாரத்துகிட்ட பேசுவான். எங்கிட்ட பேச மாட்டான்."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "உங்கிட்ட நான் ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் பாயை மடிக்கப் போய்விட்டார்.

அவரைக்காய்ப் பருவம் வந்தால் அந்த அறைக்கு வேறு வாசனை வந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் அவரைதான். ராயக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வரும்போது தன் வீட்டுக் கொல்லையில் காய்த்ததை ஒரு பை நிறையக் கொண்டுவருவார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து உரிக்கும். உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, ஊறியதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு தோலை விட்டுத் துள்ளி வெளியே வரும். பிதுக்கம்பருப்பு. பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். பருப்பை ஒருவர் மூக்கின் மேல் ஒருவர் அடித்துச் சிரிப்பார்கள். சுண்டு விரலை எட்டாத கவிதாவின் கட்டைவிரல் அந்தத் தை மாதத்தில்தான் எட்டியது.

பிதுக்கின பருப்பைக் கேன்டீன் அடுப்பில் வேகவைத்து உப்பும் தேங்காயும் போட்டு அந்தப் பிள்ளைகளுக்கே கொடுப்பார். கவிதா வீட்டுக்கு வந்து, "நான் பிதுக்குனத நானே சாப்ட்டேன்" என்று அவள் அப்பாவிடமும் என்னிடமும் பத்துத் தடவை சொல்வாள். ஆகவே அந்தப் பருப்பு எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

கவிதாவுக்கு நாலரை வயதானபோது ஓசூர் டவுனில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்குக் கூட்டிப்போனோம். என் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். எங்கள் தெருவிலிருந்து இன்னொரு பிள்ளையும் வந்திருந்தது. அது மூன்று வயதிலிருந்தே நர்சரிக்குப் போகிற பிள்ளை. அது ஏ முதல் இசட் வரை எழுதிவிட்டு, கையை உதறிக்கொண்டே அம்மா மடியில் போய் உட்கார்ந்தது.

கவிதாவின் முன்னால் ஒரு தாளையும் பென்சிலையும் வைத்தார்கள். அவள் பென்சிலை எடுத்தாள். மூன்று விரலால் அழகாக, அழுத்தாமல் பிடித்தாள். தாள் நிறைய வட்டம் போட்டாள். வட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக நின்றன. பிறகு மீதி இடத்தில் கோடுகள் போட்டாள்.

"ஏ போடும்மா. ஏ ஃபார் ஆப்பிள்" என்றார் தலைமையாசிரியை.

கவிதா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னொரு வட்டம் போட்டாள்.

"சைல்டுக்கு ஒண்ணுமே தெரியல. ரெண்டு வருஷம் க்ரீச்ல என்ன பண்ணினா? அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க."

பிள்ளை பென்சிலைப் பிடித்த விதத்தை அந்த அம்மா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு அப்போது பொங்கிக்கொண்டு வந்ததெல்லாம் அக்கா மேல்தான். வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தியதும் என் வீட்டுக்காரர், "தெலுங்குக்காரப் பிள்ளை எழுதுது, கன்னடத்துக்காரப் பிள்ளை எழுதுது. ஊரு விட்டு ஊரு வந்தது எதுக்கு? நம்ம பிள்ளை பருப்புப் பிதுக்கவா?" என்று கேட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லி அழுதேன். சரோஜாவுக்கு அது போதுமாக இருந்தது. கேன்டீன் சூப்பர்வைசரும் வந்து நின்றுகொண்டார். மனு எழுதுவது என்று முடிவாயிற்று. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து. கம்பெனி நோட்டீஸ் போர்டில் பூஜைக்கும் ரத்ததானத்துக்கும் நான்தான் எழுதுவேன்.

முதலில் மேலே அவருடைய பெயரை எழுதி, எழுத்து எதுவும் கற்றுத்தருவதில்லை என்று எழுதினேன். சாக்பீஸ்களை உடைத்து வீணாக்குகிறார் என்று எழுதினேன். இரண்டையும் அப்போது நான் நம்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

சரோஜா படித்துப் பார்த்தாள். "இதுக்கெல்லாம் ஆபீஸ் அசையாதுடி. பசங்கள வெச்சு அவரக்கா உரிக்க விடறா இல்ல? அத வித்துக் காசு பாக்கறான்னு எழுது. சின்னப் பசங்கள வேல வாங்கறான்னா கம்பெனிக்கே கேடு. ஒடனே தூக்கிடுவாங்க."

பிள்ளைகள்தானே சாப்பிடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பேனாவை ஒரு விநாடி எடுத்தேன். அந்தத் தலைமையாசிரியையின் முகம் நினைவுக்கு வந்தது. எழுதினேன். 'மேற்படி ஆயா, குழந்தைகளைக் கொண்டு அவரைக்காய் உரித்துப் பருப்புப் பிதுக்கச் செய்து, அதைத் தம் சொந்த ஆதாயத்துக்காக வெளியில் விற்று வருகிறார்.' எழுத்து நேராக, அழகாக வந்தது. பதினேழு பேர் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

நான்கு நாள் கழித்து அக்கா என்னைத் தேடி வந்தார். காயில் பிரிவுக்கு அவர் வந்ததே இல்லை. தேநீர் நேரம். கையில் மனுவின் நகலும், விளக்கம் கேட்டு ஆபீஸ் கொடுத்த மெமோவும் இருந்தன.

"எனக்கு ஒரு காயிதம் எழுதிக் குடு. எம் எழுத்து கோழி கிளறுனாப்பல இருக்கும். படிக்க மாட்டாங்க."

"வேற யார்கிட்டயாவது..." என்று இழுத்தேன்.

"இத எழுதுனது நீதான்னு எனக்குத் தெரியும். போர்டுல நீ எழுதற 'ழ'வப் பாத்திருக்கன். வால இப்பிடி சுழிப்ப." மனுவில் ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "கோவத்துல எழுதியிருக்க. ஸ்கூல்ல சேத்துக்கலன்னு சொன்னாங்க. சரி, போவுது. அத எழுதுன கையே இதயும் எழுதட்டும். ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டா நெசத்தச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான்கே வரிகள். அவரை என் கொல்லையில் காய்த்தது. உரித்தது பிள்ளைகள், தின்றதும் பிள்ளைகள். பிதுக்கினால் விரலுக்குப் பலம் வரும். பலம் வந்தால் எழுத்து தானாக வரும். கீழே அவர் தன் பெயரை எழுதினார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கடைசி எழுத்து தாளின் விளிம்பைத் தாண்டப் பார்த்தது.

ஆபீஸில் கூப்பிட்டார்கள். பர்சனல் ஆபீசர் சின்ன வயதுக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். மேஜையில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அக்கா கதவோரம் நின்றிருந்தார்.

"கம்ப்ளெயின்ட்டும் உங்க கையெழுத்து. ரிப்ளையும் உங்க கையெழுத்து" என்று சிரித்தார். "எது உண்மை?"

அவர் பக்கத்திலிருந்த ஒரு ஃபைலைத் தட்டினார்.

"உங்களோட கன்ஃபர்மேஷன் ஃபைலும் இங்கதான் இருக்கு. கம்பெனிக்குப் பொய்க் கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்தாங்கன்னா அது வேற விஷயமாயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

இரண்டு வருடமாக டெம்பரரி. அந்த மாதம்தான் நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் வரப்போகிறது என்று பேச்சு. யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் தானாகத் திறந்தது.

"மொதல்ல எழுதினதுதான் சார். ரெண்டாவது, அவங்க சொல்லச் சொல்ல எழுதினது."

இந்த வாக்கியத்தைப் பல வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியைச் செய்தேன்.

அக்கா கதவை விட்டு முன்னால் வந்தார். "நான் போலாமா சார்?" என்று ஆபீசரைக் கேட்டார். அறைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடாமல் அப்படியே கேட்டுக்கு அனுப்பினார்கள். கேட்டில் செக்யூரிட்டி, அறையிலிருந்து வரவழைத்த அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தான். காலையில் கொண்டுவந்த அவரைக்காய் உரிக்காமல் அப்படியே இருந்தது. அதைச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். உள்ளே கொண்டுவந்த காயா, வெளியே கொண்டுபோகிற காயா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

என்னை அந்த மாதமே நிரந்தரமாக்கினார்கள்.

அந்த அறைக்குப் புது டீச்சர் வந்தாள். தகர டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து நாலு கோட்டு நோட்டில் எழுதின. சுவரில் பூசிய கறுப்பின் மேல் வெள்ளையடித்து ஆப்பிள், யானை எல்லாம் வரைந்தார்கள். அறை அமைதியாக இருந்தது. தாய்மார்கள் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். கவிதா நான்கு மாதத்தில் ஏ முதல் இசட் வரை எழுதினாள். அடுத்த வருடம் அதே பள்ளியில் அதே தலைமையாசிரியை அவளைச் சேர்த்துக்கொண்டார்.

அவள் எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்ததை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். நடுவிரலில் காய்ப்புக் காய்த்து, தோல் வெடித்து, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு எழுதுவாள். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து புடைத்துக்கொண்டு தெரியும். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னபோது, வலது கையைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். எலும்பு முறியவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டு அழுதேன். "கட்டுப் போட்டா எழுத வேணாம்லம்மா" என்றாள்.

அந்த வாரம்தான் ராயக்கோட்டைக்குப் போனேன்.

வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். மருமகள், அவர் தக்காளி மண்டியில் இருப்பார் என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. மண்டியில் பெண்கள் நாலைந்து பேர் தக்காளியைப் பொறுக்கிப் பெரிது, சிறிது, அடிபட்டது என்று தனித்தனிக் கூடைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இளைத்துப்போயிருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

நிமிர்ந்து பார்த்தார். "தெரியுது" என்று மறுபடியும் குனிந்துகொண்டார்.

"நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்க்கா."

"நான் அங்கதான நின்னுனு இருந்தன்?"

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

பக்கத்தில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் மட்டும் நிறுத்தவில்லை.

"மன்னிச்சிட்டன்னு சொன்னா இன்னா பண்ணுவ?" என்றார்.

அடுத்த தக்காளியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"நிம்மதியா பஸ் ஏறுவ. அத நான் எதுக்குக் குடுக்கணும்?" ஒரு அழுகல் தக்காளியை எடுத்துத் தள்ளி எறிந்தார். "அங்கேருந்து வந்த பொறவு இங்க பால்வாடியில கேட்டன். கம்பெனியில விசாரிச்சாங்க. புள்ளைங்கள வேல வாங்கி வித்துத் தின்னவள்னு சொல்லிட்டாங்க. ஊரெல்லாம் அதே பேச்சு. எம் மருமவ அவ புள்ளைய எங்கிட்ட விட மாட்டா. ஒரே வீட்ல இருக்கறன். பேரப்புள்ள கையக்கூடத் தொடல. நீ எழுதுனதுல அது ஒண்ணுதான் எனக்கு வலிச்சிது. வேல போச்சேன்னு இல்ல."

"நான் வேணா வந்து உங்க மருமகள்கிட்டச் சொல்றேன்க்கா. பால்வாடியிலயும் வந்து சொல்றேன். நான் எழுதினது பொய்னு எழுதியே தாறேன்."

அப்போதுதான் கையை நிறுத்தினார்.

"வேணாம்" என்றார். "நீ எழுதிக் குடுத்த காயிதம் ரெண்டு இருக்குது. மூணாவதையும் குடுத்தா எத நம்புவாங்க?"

கவிதாவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவள் கைக்கு என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் பாதி வந்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்கவில்லை. நானே, "அக்கா, என் பிள்ளை..." என்று ஆரம்பித்தேன்.

"தள்ளு. வண்டி வருது" என்றார்.

கூடை ஏற்ற டெம்போ ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நான் விலகினேன். அது எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. கூடைகளை ஏற்றி முடிக்கும்வரை அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வண்டி போனபோது அவர் வேறொரு குவியலுக்கு மாறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ராயக்கோட்டைக்கு நான் போகவில்லை. இப்போது அவர் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாரையாவது பார்த்தால் கேட்கலாம்தான். கேட்டால், நீங்க அவங்களுக்கு என்ன வேணும் என்று திருப்பிக் கேட்பார்கள்.